ஒற்றர்களின் கல்யாணம்

அயல்நாட்டுத் தூதன் என்று வந்த வீரகேதுவை வேவு பார்க்கச் சொல்லி, அந்தப்புரத்தில் வீணை வாசிக்கும் மரகதவல்லியை மகாராஜாதான் அனுப்பினார். அவன் பேசியதையெல்லாம் அவள் வந்து ஒப்பித்தாள். ஒன்றை மட்டும் மறைத்தாள். "என்னோட வந்துடு, படகு தயாரா இருக்கு" என்று அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுததை.

படகில் ஏறும்போது காவலர்கள் அவளை மட்டும் பிடித்தார்கள்.

மறுநாள் சபையில் மகாராஜாவின் பக்கத்தில் அவன் நின்றுகொண்டிருந்தான். அவன் தூதனே இல்லை. பகைவனின் அரண்மனைக்கு அவளை ஒற்றராக அனுப்புமுன் சோதித்துப் பார்க்க மகாராஜா ஏவிய ஆள்.

"பயப்படாதே, தண்டிக்கப் போறதில்ல," என்று மகாராஜா சிரித்தார். "இவனும் உன்னைத்தான் கட்டிக்கணும்கிறான். நானே நடத்தி வைக்கிறேன்."

சபை முழுவதும் சிரித்தது. தலையைக் குனிந்துகொண்டு அவனும் சிரித்தான். அதைப் பார்த்ததும் அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அழுததுகூட உத்தரவுப்படிதானா?

தட்டில் நீட்டிய மாலையை அவள் தொடவில்லை.

"மகாராஜா, இவர் என்கிட்ட இன்னொன்னும் சொன்னார். அதை உங்ககிட்ட சொல்லியிருக்க மாட்டார்."

அவன் அப்படி எதுவும் சொன்னதில்லை. ஆத்திரத்தில் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டாள். ஆனால் அவன் முகம் வெளுத்துப்போனது. கை தூணைத் தேடியது. அதை அவளும் பார்த்தாள், மகாராஜாவும் பார்த்தார்.

சபையில் சிரிப்பு அடங்கியது.

"சொல்லு" என்றார் மகாராஜா அவளிடம், அவனையே பார்த்தபடி.