தட்டுக்கு அடியில் ஈயம்

ரமணனின் சட்டைப்பையில் ஒரு பெரிய மனிதரின் மானம் கனத்துக்கொண்டிருந்தது. பலாபத்வலையில் பஸ்ஸை விட்டு இறங்கியபோதே, அப்படியே மாத்தளைக்குத் திரும்பிவிடலாமா என்று தோன்றியது.

ஊர் ஊராய் அலைந்து நாற்பத்தொரு இரும்புத் தராசு சேர்த்தவர் ரமணன். துருவைச் சுரண்டுவார், எண்ணெய் பூசுவார், மழைக்காலத்தில் தினமும் துடைப்பார். தராசைப் பற்றித் தனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று நாலு பேரிடம் சொல்லவும் செய்வார். கடைசியாக வந்தது, காலஞ்சென்ற ஸெய்னுலாப்தீன் முதலாளியின் தராசு.

முதலாளியின் மகள் முனவ்வரா வாசலிலேயே நின்றாள். "வாங்க அண்ணன். வாப்பாட தராசு பளபளன்னு வந்திருச்சா?"

"வந்திருச்சு, தங்கச்சி." நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"நாளைக்கு உங்க தராசுக் கண்காட்சிக்கு வேன் பிடிச்சு வாரோம். காத்தாயி அக்காவும் வாராங்க. அந்தக் காலத்துல அவங்க மிளகு மூட்டையத் தலையில வச்சுக் கொண்டுவந்தா, வாப்பா இதிலதான் நிறுப்பாரு. தராசுக்குக் கீழ வாப்பாட பேரு போட்டீங்கதானே?"

ரமணன் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "பேரு இல்லாமலே வைப்போமே."

அவள் முகம் வாடிவிட்டது. "ஏன்? அந்தப் பேருக்காகத்தானே உங்களுக்குச் சும்மா தந்தேன்."

இனி மறைக்க முடியாது. பையிலிருந்த காகிதப் பொட்டலத்தைப் பிரித்து மேசையில் வைத்தார். உள்ளே ஓர் ஈயத்துண்டு.

"சாமான் வைக்கிற தட்டுக்கு அடியில ஒட்டியிருந்துச்சு. இது இருந்தா, குறைஞ்ச சாமானுக்கே தட்டு இறங்கிடும். உளி வச்சு எடுத்துட்டேன். யாருக்கும் தெரியாது, பயப்படாதீங்க."

அழுவாள் என்று நினைத்தார். அவளோ சிரித்தாள்.

"இதா? வாப்பாதான் ஒட்ட வச்சாரு. ஊருக்கே தெரியும்."

ரமணனுக்கு உடம்பெல்லாம் கூசியது. யாரோ ஒரு மனிதருக்காக அவர் மூன்று நாளாகச் சோறு இறங்காமல் வெட்கப்பட்டுக்கொண்டிருக்கிறார். பெற்ற மகளுக்குக் கொஞ்சம்கூட வெட்கமில்லை.

"தெரிஞ்சுக்கிட்டேவா பேரு போடச் சொல்றீங்க?" குரல் அவரையும் மீறி உயர்ந்துவிட்டது. "ஏழைச் சனங்க வயித்துல அடிச்ச தராசு இது!"

முனவ்வரா ஈயத்துண்டைக் கையில் எடுத்து, உளி பட்ட தழும்பை விரலால் தடவினாள். அவள் கோபப்படவில்லை.

"வாப்பா மிளகு வித்தவரு இல்ல அண்ணன். அந்தச் சனங்ககிட்ட வாங்கினவரு."