எடைக்கல் பெட்டி

புத்தகப் பையின் அடியில் கையை விட்டு, கேள்விப்பெட்டி என்று வகுப்பே கூப்பிடும் சிறுமி ஒவ்வொரு எடைக்கல்லாக எடுத்து டீச்சரின் மேசைமேல் வைத்தாள்.

ஐம்பது கிராம். நூறு. இருநூறு. ஐநூறு. கடைசியாக, இரண்டு கையாலும் தூக்கி, ஒரு கிலோ.

டீச்சர் எண்ணிப் பார்த்தாள். காணாமல் போன ஐந்தும் இருந்தன.

இந்தக் கற்களுக்காக வகுப்பு அலமாரியை இரண்டு தடவை தலைகீழாகப் புரட்டியிருந்தாள். போதாததற்கு, பெருக்க வருகிற ஆயாவை ஜாடைமாடையாகக் கேட்டும் வைத்தாள். ஆயா முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு, அன்றிலிருந்து இந்த ஒன்றாம் வகுப்பை மட்டும் பாதி பெருக்கிவிட்டுப் போகிறாள்.

திருடி இங்கே நிற்கிறாள், மேசை உயரம்கூட இல்லாமல்.

வேறு பிள்ளையாக இருந்தால் காதைத் திருகியிருப்பாள். இவளை எப்படித் திட்டுவது? அம்மா இறந்து பத்து நாள்தான் ஆகிறது. இன்றைக்குத்தான் பள்ளிக்கூடம் வந்திருக்கிறாள். தலையை அப்பா வாரிவிட்டிருக்க வேண்டும், வகிடு கோணலாக இருந்தது.

கேள்விப்பெட்டி என்று பெயர் வைத்ததே டீச்சர்தான். ஆறு வயதுக்கு அப்படி ஒரு வாய். அந்த வாய் காலையிலிருந்து ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

கற்கள் காணாமல் போனது போன மாதம், எடைப் பாடம் நடத்திய வாரத்தில்.

அன்றைக்கு டீச்சர் ஒரு கேஸ் பலூனைக் கொண்டுவந்திருந்தாள். கையை விட்டதும் அது கூரையில் போய் முட்டிக்கொண்டது. நூலைப் பிடித்து இழுத்து, அதில் ஐம்பது கிராம் கல்லைக் கட்டினாள். பலூன் சமர்த்தாக மேசையோடு நின்றது. எடை இருந்தால் பூமி இழுத்துப் பிடித்துக்கொள்ளும், மேலே போக விடாது என்றாள். பிள்ளைகள் கைதட்டினார்கள்.

கேள்விப்பெட்டி மட்டும் எழுந்து நின்று, ரொம்பப் பெரிசாக இருந்தால் எத்தனை கல் வேண்டும் என்று கேட்டாள்.

டீச்சருக்குப் பெருமை தாங்கவில்லை. எவ்வளவு கூட வைக்கிறோமோ அவ்வளவு நல்லது என்று சொல்லி, அவள் கன்னத்தைக் கிள்ளினாள்.

இப்போது குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள். "எதுக்குடா கண்ணு இதெல்லாம் எடுத்துட்டுப் போனே?"

கேள்விப்பெட்டி கற்களைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அம்மா வானத்துக்குப் போகப் போறாங்கன்னு அத்தை சொன்னாங்க மிஸ். அம்மா ரொம்ப லேசாயிட்டாங்க, அப்பா ஒத்தக் கையிலயே தூக்கிடுவாரு. அதான் நைட்டி பாக்கெட்ல, தலகாணி அடியில எல்லாம் வச்சேன். அம்மா கண்டுபிடிச்சுட்டாங்க. ஆனா எடுக்கல. சிரிச்சாங்க."

டீச்சர் எதையாவது செய்ய வேண்டுமே என்று எடைக்கல் பெட்டியைத் திறந்து, கற்களை அதனதன் குழியில் வைக்கத் தொடங்கினாள். ஒரு கிலோ கல் கைக்கு வரவில்லை. கேள்விப்பெட்டி அதன்மேல் கையை வைத்திருந்தாள்.

பிறகு நிமிர்ந்து, அன்றைய முதல் கேள்வியைக் கேட்டாள்.

"பெரிய கல்லா வச்சிருந்தா போயிருக்க மாட்டாங்கல்ல மிஸ்?"