பன்னிரண்டு தங்கமீன்கள்

அப்பாவுடன் மாப்பிள்ளை வீட்டுக்குள் நுழைந்ததும் சந்தனா நேராக மீன் தொட்டியருகே போனாள். பன்னிரண்டு தங்கமீன்களும் மேலே வந்து, மூச்சுக்குத் தவித்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன.

“தொட்டி வச்சு எத்தினி நாளாச்சுங்க?” என்று மாப்பிள்ளை அமர்நாத்திடம் கேட்டாள்.

அவன் அம்மா ஜெயவதி முந்திக்கொண்டாள். “ஆறு மாசம் ஆவுதும்மா. எல்லாம் இவன்தான் பார்த்துக்கறான்.”

சந்தனா அவனையே பார்த்தாள். அவன் மீன்களைக் காட்டிச் சொன்னான்.

“நேத்து சாயந்தரம்தாங்க வச்சோம். குழாய்த் தண்ணிய அப்படியே ஊத்திட்டேன்.”

ஜெயவதியின் முகம் சுருங்கிப்போனது.

“அதாங்க தவிக்குது. குழாய்த் தண்ணில குளோரின் இருக்கும், ரெண்டு நாள் வச்சாதான் போவும். புதுத் தொட்டிக்கு மொதல்ல ரெண்டு மீன் போதும். ரெண்டு நாள் முன்ன புடிச்ச தண்ணி ஏதாவது இருக்குதா?”

பின்கட்டு சிமெண்ட் தொட்டியில் இருந்தது. இருவருமாகப் பத்து மீன்களை அதில் விட்டார்கள். கண்ணாடித் தொட்டியிலும் பாதித் தண்ணீரை மாற்றினார்கள். மீன்கள் மெல்ல அடியில் இறங்கி நீந்தத் தொடங்கின.

ஆரணியிலிருந்து சேத்துப்பட்டு திரும்பும் காரில் அவள் அப்பா ஸ்ரீபால் பொருமினார்.

“மாப்பிள்ளை வூடு பார்க்கப் போனா, எடுத்ததுமே பொய்! இந்தச் சம்பந்தம் வேணாம்னு சொல்லிடட்டுமா?”

“பொய் சொன்னது அவங்கம்மாதாம்பா. அவங்க எதிர்லயே அவரு உண்மைய சொன்னாரே! சரின்னு சொல்லிடுங்க.”