வெளிச்சம் காட்டு தாயே

"அம்மா, ஒருக்கா பின்வளவுக்கு வாங்கோ. சுவெற்றரைப் போட்டுக்கொண்டு வாங்கோ."

"இந்தக் குளிருக்க என்னத்துக்கு?" என்றாள் பாலாம்பிகை. ஆனாலும் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

வத்சலாவுக்கு அதுவே பெரிய ஆறுதல். லண்டன் டூட்டிங்கில் அந்த வீட்டில் கொஞ்ச நாளாகத் தாய்க்கும் மகளுக்கும் பேச்சு அளவோடுதான். காரணம் பெனடிக்ற். நல்ல வேலை, நல்ல குணம், ஊரும் யாழ்ப்பாணம்தான். ஆனால் வேதக்காரப் பெடியன், சேர்ச்சுக்குப் போகிறவன். "அம்மன் ஒரு வெளிச்சம் காட்டட்டும். அதுவரைக்கும் அந்தக் கதை வேண்டாம்" என்று பாலாம்பிகை ஒரேயடியாகச் சொல்லிவிட்டாள்.

வெளிச்சம்தானே வேண்டும்? அது பெனடிக்றிடம் தாராளமாக இருந்தது. சாட்டலைட் பார்ப்பதென்றால் அவனுக்குப் பைத்தியம். புதிதாக விட்டிருக்கிற டெலிபோன் சாட்டலைட்டின் தகட்டில் வெயில் பட்டுத் தெறித்தால், இருண்ட வானத்தில் மங்கலாக நகரும் புள்ளி திடீரென்று விடிவெள்ளியைவிடப் பிரகாசமாக மின்னி அணையும். எங்கே, எத்தனை மணிக்கு என்பதை இன்டர்நெட்டில் முன்கூட்டியே பார்த்துவிடலாம். போன மாதம் பார்க்கில் அவன் ஒன்றைக் காட்டியபோது வத்சலாவே கும்பிடப் போனாள்.

அதையே அம்மாவுக்கு அம்மன் வெளிச்சமாகக் காட்டும் யோசனை அவளுடையதுதான்.

"அம்மாவை ஏமாத்துறதோ?" என்று அவன் முகம் சுளித்தான்.

"ஆயிரம் பொய் சொல்லியும் ஒரு கலியாணம் கட்டலாமாம். இது ஒண்டுதானே" என்று கெஞ்சி, அடுத்தது எங்கே, எத்தனை மணிக்கு மின்னும் என்பதைக் கேட்டு வாங்கினாள்.

இப்போது பின்வளவில் நின்று மேலே கை காட்டினாள். "அந்தப் புகைபோக்கிக்கு மேல பாருங்கோ அம்மா. அம்மனை நினைச்சுக்கொண்டு பாருங்கோ."

பாலாம்பிகை செருப்பைக் கழற்றிவிட்டு ஈரப் புல்லில் நின்று கும்பிட்டாள். அதைப் பார்க்க வத்சலாவுக்கு வெட்கமாக இருந்தது.

அந்த நேரம் பார்த்துத்தானா முகில் வர வேண்டும்? லண்டன் முகிலுக்கு யாருடைய கலியாணம் நின்றால் என்ன? வானத்தை ஒரேயடியாக மூடிவிட்டது. சொன்ன நேரம் வந்தது, போனது. மின்மினி அளவு வெளிச்சம்கூட இல்லை.

வத்சலாவுக்கு அழுகை முட்டியது. அம்மனே வேண்டாம் என்று சொன்னதாக அல்லவா இனி ஆகிவிடும்.

பாலாம்பிகை செருப்பை மாட்டிக்கொண்டாள். "சரி. ஞாயிற்றுக்கிழமை சேர்ச்சில பூசை முடிய அந்தப் பெடியனைச் சாப்பிட வரச் சொல்லு. தாய் தகப்பனும் வரட்டும்."

வத்சலா திகைத்துப் போனாள். "அம்மா... ஒரு வெளிச்சமும் தெரியேல்லையே?"

"முகிலெண்டால் தெரியாதெண்டு அவன் சொன்னவன்தானே. மத்தியானம் போன் எடுத்தவன். 'அன்ரி, இண்டைக்கு வாறது அம்மனில்லை, சாட்டலைட். வத்சலாவோட கோவிக்காதேங்கோ' எண்டான்."

பின்கதவைத் திறந்தபடி பாலாம்பிகை மகளைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஆயிரம் பொய் சொல்லலாமெண்டுற கலியாணத்துக்கு ஒரு பொய் சொல்ல ஏலாத பெடியன். அம்மன் அந்த வெளிச்சத்தை மத்தியானமே காட்டிப்போட்டா, பிள்ளை."