கடலுக்கு நடுவில் ஒரு கோடு

"பதினாறாம் தேதி நாம எங்கப்பா இருப்போம்? அதை மட்டும் முதல்ல சொல்லச் சொல்லுங்க."

டிராவல்ஸ் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்ததும் மகள் கேட்ட முதல் கேள்வி இதுதான். மேசை நிறைய பசிபிக் தீவுகளின் படங்கள். பச்சைத் தண்ணீர், வெள்ளை மணல், கடலுக்குள்ளேயே கால் ஊன்றி நிற்கும் குடிசைகள். அவள் எதையும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

"அந்த மேடத்தைக் கொஞ்சம் பேச விடேன், வாலு," என்றார் அப்பா.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதிப் பேர் மாடி ஏறி இறங்குவது அவர் புண்ணியத்தில்தான். ஆனால் மனிதர் ஒரு நாள் லீவு போட்டு எங்கேயாவது போனதாகச் சரித்திரமே கிடையாது. அப்படிப்பட்டவர் திடீரென்று, "தீவுக்குப் போறோம், பெட்டியைக் கட்டு" என்றால் யாருக்குத்தான் சந்தேகம் வராது?

மகளுக்கும் வந்தது. பதினாறு அவள் பிறந்த நாள். ஏழு வயது வரை பலூன், கேக், தெருப் பிள்ளைகள் என்று வீடே அமர்க்களப்படும். அதன் பிறகு எல்லாம் நின்றுபோயிற்று. வருடா வருடம் சொல்லிவைத்தாற்போல் அந்தத் தேதியில்தான் வெளியூரில் ஏதாவது ஒரு லிஃப்ட் கெட்டுப்போகும். விடிவதற்குள் டூல்ஸ் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். போனையும் அணைத்துவிடுவார். மறுநாள் வந்து, ஒன்றுமே நடக்காத மாதிரி காபி கலந்து கொடுப்பார். அத்தை மட்டும் ரகசியமாக ஒரு சாக்லேட்டைக் கொண்டுவந்து அவள் கையில் திணித்துவிட்டுப் போவாள்.

இந்த வருடம் அவளுக்கு இருபத்தொன்று. அடுத்த மாதம் வேறு ஊரில் வேலைக்குச் சேரப் போகிறாள். அதற்குள் ஒரே ஒரு பிறந்த நாளையாவது அப்பா பக்கத்தில் இருந்து கொண்டாடிவிட வேண்டும் என்று கொள்ளை ஆசை. வாய்விட்டுக் கேட்கத்தான் முடியவில்லை.

ஏஜென்ட் அம்மாள் கம்ப்யூட்டர் திரையை அவர்கள் பக்கம் திருப்பினாள்.

"பதினாறைப் பத்தி உங்கப்பாவும் போன்லயே துருவித் துருவிக் கேட்டுட்டார். நீங்க ரெண்டு தீவுக்குப் போறீங்க. ரெண்டுக்கும் நடுவுல கடல்ல ஒரு கோடு இருக்கு."

"கடல்ல கோடா?"

"தேதிக் கோடு. கண்ணுக்குத் தெரியாது, மேப்ல மட்டும்தான். அந்தப் பக்கத்துலேர்ந்து இந்தப் பக்கம் வந்தா ஒரு நாள் அப்படியே காணாமப் போயிடும். பதினஞ்சாம் தேதி ராத்திரி ஃப்ளைட் ஏறினா, இறங்கறப்போ பதினேழு."

மகள் நிமிர்ந்தாள். "அப்போ பதினாறு?"

"வரவே வராது."

"பிரமாதம்ப்பா!" மகளுக்குக் குரல் உடைந்தது. "இத்தனை வருஷமா பழியை லிஃப்ட் மேல போட்டீங்க. இப்போ பதினாறே இல்லாத இடத்தைக் கண்டுபிடிச்சுட்டீங்க. அதுக்கு நான் வேற கூட வரணுமா?"

அப்பா வாயைத் திறப்பதற்குள் ஏஜென்ட் பதறினாள்.

"ஐயோ, அவசரப்படாதீங்க! உங்க டிக்கெட் அதுக்கு நேர் எதிர். பதினாறு முழுக்க முதல் தீவுல இருக்கீங்க. அன்னிக்கு ராத்திரி ஃப்ளைட். கோட்டைத் தாண்டி ரெண்டாவது தீவுல இறங்கறப்போ விடிஞ்சிருக்கும், தேதி மட்டும் மறுபடியும் பதினாறு. உங்களுக்குப் பதினாறு ரெண்டு தடவை வருது."

மகளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஒரு பதினாறுக்கே ஊரைவிட்டு ஓடுகிற மனிதர், விவரம் புரியாமல் இரண்டு பதினாறில் போய் மாட்டிக்கொண்டிருக்கிறார். அப்பாவைப் பார்த்தாள். படத்தில் இருந்த தீவையே வெறித்துக்கொண்டிருந்தார். காதோரம் முழுக்க நரைத்துவிட்டது. அவளுக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை, பாவமாக இருந்தது.

"மேடம், இவர் தெரியாம சொல்லியிருப்பார். ரெண்டு தீவையும் முன்ன பின்ன மாத்திப் போட முடியுமா?"

"தாராளமா. மாத்தினா பதினாறு வராது. பரவாயில்லையா?"

"பரவாயில்லை," என்றாள் மகள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அவர் நிம்மதியா இருந்தா போதும்."

ஏஜென்ட்டின் கை மவுஸுக்குப் போனது. அதற்குள் கிரீஸ் கறை படிந்த ஒரு கை குறுக்கே வந்தது.

"மாத்தாதீங்கம்மா," என்றார் அப்பா. "வாலு, நான் தெரியாம கேக்கலை. நாலு டிராவல்ஸ் ஏறி இறங்கி விசாரிச்சேன். ரெண்டு தடவை வரணும்னுதான் கேட்டேன்."

"எதுக்குப்பா?"

அப்பா கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"முதல் பதினாறு, உன் எட்டாவது பிறந்த நாள் அன்னிக்கு உங்கம்மா நம்மள விட்டுப் போனாளே, அந்த நாள். நான் தனியா எங்கயோ ஓடிப்போய் அழுததெல்லாம் போதும். இந்தத் தடவை நாம ரெண்டு பேரும் அந்தக் கரையில உக்காந்து அழுது தீர்த்துடலாம். விடிஞ்சா இன்னொரு பதினாறு வரும், கேக்குக்குச் சொல்லி வெச்சிருக்கேன். அந்தப் பதினாறுல யாரும் சாகலைம்மா, நீ பொறந்தது மட்டும்தான்."