ஒழுகல் இன்ஸ்பெக்டர்

“உண்மையைச் சொல்லுங்கப்பா. என்ன தின்னீங்க?”

மகன் மீட்டரை அவர் மூக்குக்கு நேரே நீட்டினான். சர்க்கரை முந்நூற்று அறுபத்திரண்டு.

“உன் பொண்டாட்டி தட்டுல வெச்சதைத்தான் தின்னேன்.”

“அதுக்கு இவ்வளவு ஏறாது. சாயங்காலம் நடக்கப் போறேன்னு பேக்கரிப் பக்கமாத்தானே போறீங்க? எனக்குத் தெரியாதா?”

அவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. பேக்கரி வாசலை அவர் மிதித்து நான்கு வருஷம் ஆகிறது. ஆனால் இரண்டு நாளாகத் தாகம் தாங்கவில்லை. பாத்ரூமுக்கு நடந்தே கால் ஓய்ந்துவிட்டது. ஏன் என்று அவருக்கும் விளங்கவில்லை.

இத்தனைக்கும் சீட்டுக்கட்டு அளவில் ஒரு இன்சுலின் பம்ப் அவர் இடுப்பு பெல்ட்டில் எந்நேரமும் தொங்கிக்கொண்டிருக்கும். ஒரு மெல்லிய குழாய் வழியாக வயிற்றுக்குள் மருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டே இருக்கும்.

துணி துவைக்கப் போட்டுவிட்டு வந்த மருமகள் குனிந்து அவர் சட்டை ஓரத்தை மோந்து பார்த்தாள்.

“மாமா, மருந்து வாசனை அடிக்குது. பம்ப்ல எங்கேயோ ஒழுகுது.”

அவ்வளவுதான். மனுஷர் எழுந்து நின்றுவிட்டார்.

“யார்கிட்ட சொல்றே? முப்பத்திரண்டு வருஷம் தெருத்தெருவாத் தரையில காதை வெச்சு ஒழுகல் கண்டுபிடிச்சவன் நான்!”

பொய்யில்லை. குடிநீர்க் குழாய் இலாகாவில் அவருக்குப் பெயரே ஒழுகல் இன்ஸ்பெக்டர்தான். மண்ணுக்கு ஆறடி கீழே கசிகிற தண்ணீரை, மேலே நின்றபடி இங்கேதான் என்று செருப்பால் கோடு போட்டுக் காட்டுவார்.

“இல்லை மாமா... இது சொட்டு சொட்டாக்கூட வராது. கண்ணுக்கே தெரியாது. குழாய் அடைச்சுக்கிட்டாத்தான் மெஷின் கத்தும். ஒழுகினா கத்தாது.”

“நான் கத்துவேன்ல? குழாய் மாட்டினது யாரு? நான். ஜாயின்ட் முடுக்கினது யாரு? நான். நான் முடுக்கின ஜாயின்ட் இன்னிக்கு வரைக்கும் ஒண்ணு ஒழுகினதில்லை.”

“அப்போ வாசனை?”

“ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வர்ற உடம்புல ஆஸ்பத்திரி வாசனைதான் வரும். பூ வாசனையா வரும்?”

மகன் பொறுமை இழந்தான். “ஒண்ணு அது ஒழுகியிருக்கணும். இல்லேன்னா நீங்க தின்னிருக்கணும். ரெண்டுல எதுப்பா?”

இன்ஸ்பெக்டர் யோசித்தார். திருட்டுத்தீனிக்காரன் என்ற பெயர் நாலு நாளில் மறந்துபோகும்.

“தின்னேன்.”

“என்னது?”

“கேக்கு. ரெண்டு துண்டு.” சொன்ன பிறகு, முந்நூற்று அறுபத்திரண்டுக்கு அது போதாதோ என்று பட்டது. “மூணு.”

மருமகள் கைப்பையை எடுத்துக்கொண்டு, ஆஸ்பத்திரிக்கு அவர்களோடு கிளம்பினாள்.

ஆஸ்பத்திரியில் எடை பார்த்த நர்ஸ், “பாக்கெட்ல ஏதாவது இருந்தா எடுத்து வெச்சிடுங்க சார்” என்றாள்.

“ஒண்ணுமில்லை.”

“அப்போ கால் கிலோ கூடியிருக்கீங்க.”

“மூணு துண்டு கேக்காச்சே” என்றான் மகன்.

டாக்டரம்மா பம்பைக் கேட்டு வாங்கினார். “நாக்கைக் கட்ட முடியாதுன்னா மருந்தைக் கூட்டித்தான் ஆகணும்.”

“கூட்டாதீங்க டாக்டர்!” மருமகள் முன்னால் வந்தாள். “அவர் எதுவும் தின்னலை. குழாய்தான் ஒழுகுது. இப்போ மருந்தைக் கூட்டிட்டு, நாளைக்குப் புதுக்குழாய் மாட்டினா, சர்க்கரை ஒரேயடியா இறங்கி ஆளே விழுந்துடுவார்.”

டாக்டரம்மா பம்பில் குழாய் சேரும் இடத்தில் டிஷ்யூ காகிதத்தைச் சுற்றி வைத்துக் காத்திருந்தார். ஐந்து நிமிஷம் கழித்துப் பிரித்தால், கடுகளவு ஈரம். குழாய் முனையிலிருந்த மூடியைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார்.

“மயிரிழை மாதிரி விரிசல். சுத்தி வரப் பல் பல்லாத் தடம். பிளாஸ்டிக் மூடிங்க இது, விரலால திருகினாப் போதும். எவ்வளவு முரட்டுத்தனமா முடுக்கியிருக்காங்க! யாரு பண்ணின வேலை?”

“நான்தான் டாக்டர்” என்றாள் மருமகள். “லூஸா இருக்கோன்னு பயந்து, மாமாவுக்குத் தெரியாம...”

“தெரியாத வேலையில ஏம்மா கை வைக்கறீங்க? உயிர் சமாசாரம். நான் மருந்தைக் கூட்டியிருந்தா என்ன ஆகியிருக்கும்?”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

இன்ஸ்பெக்டர் மூடியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

வெளியே வந்ததும் மகன் அவள்மேல் பாய்ந்தான். “செய்யறதையும் செஞ்சுட்டு, காலையிலேர்ந்து அதைச் சொல்லாம இருந்தியே! அப்பாவைத் திருடன்னு நினைச்சுட்டேன்.” அப்புறம் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டான். “நீங்க ஏம்பா தின்னேன்னு ஒத்துக்கிட்டீங்க?”

“வீட்டுல சண்டை வேண்டாமேன்னுதான்.”

மகனுக்குக் கண் கலங்கிவிட்டது. புதுக்குழாய் வாங்க மருந்துக் கவுன்டருக்கு விரைந்தான்.

இன்ஸ்பெக்டர் மருமகள் பக்கம் திரும்பித் தொண்டையைக் கனைத்தார். “சரி, போனது போகட்டும். இனிமே ஜாயின்ட் விஷயம் எதுவா இருந்தாலும் என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோம்மா. அதுக்குன்னு ஒரு கைப்பக்குவம் இருக்கு.”

“சரிங்க மாமா.” அவள் கைப்பையைத் திறந்து நீட்டினாள். “அந்தப் பிளையரை இதுல போட்டுடுங்க. பாக்கெட் கிழியுது பாருங்க.”