பாண்டுரங்கன் தேடிய வார்த்தை

"எல்லாரும் கெளம்புங்க. சந்திரலேகா, நீ மட்டும் இரு."

ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸுக்கு ஓடியவர்கள் அவளைப் பாவமாகப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

பிரஸ் மெஷினில் மாட்டிக்கொண்ட தகட்டை, மெயின்டெனன்ஸ் ஆளைக் கூப்பிடாமல் அவளே கம்பியால் நெம்பிவிட்டாள். அச்சில் கீறல். லைன் இரண்டு மணி நேரம் படுத்துவிட்டது. ஒரகடம் கம்பெனிகளில் அவளைப் போன்ற கான்ட்ராக்ட் ஆளை வீட்டுக்கு அனுப்ப இதில் பாதி போதும்.

சூப்பர்வைசர் பாண்டுரங்கன் ரிப்போர்ட் எழுத உட்கார்ந்தார். மேனேஜருக்கு இங்கிலீஷில் போக வேண்டும்.

"தகடு மாட்டுதுன்னு காலையிலேருந்து மூணு வாட்டி உங்ககிட்ட சொன்னேம்லா சார்."

"இப்ப இன்னாத்துக்கு அது? கம்முனு உட்காரு."

மூன்று முறையும் 'பாத்துக்கலாம், போம்மா' என்றவர் இதே மனிதர்தான். அதை அவரே எழுதுவாரா என்ன?

எழுதினார், அடித்தார், காகிதத்தைக் கசக்கினார். பிறகு காலேஜ் படிக்கும் மகளுக்குப் போன் போட்டார். மெஷின் சத்தத்தில் காது கேட்காமல் ஸ்பீக்கரில் வைத்தார்.

"ஜோதி, அட்டெம்ப்ட்டுன்னா இன்னாம்மா?"

"முயற்சி பண்றதுதாம்பா. ஆனா முடியாம போனதுக்குத்தான் அதிகமா போடுவாங்க. போலீஸ் கேஸ்லகூட வருமே."

போலீஸ் என்றதும் சந்திரலேகா நாற்காலி நுனிக்கு வந்தாள்.

"ஸ்ட்ரகிள்?"

"திண்டாடுறது."

"ஸ்ட்ரைவ்?"

"விடாம, ரொம்ப நாளு பாடுபடறது. எதுக்குப்பா இப்படி வார்த்தையா அலசிக்கினு இருக்க?"

"சொல்றேன். ட்ரைன்னா?"

"அது சாதாரண வார்த்தைப்பா. செஞ்சு பாக்கறது, அவ்ளோதான்."

"அது போதும்."

தூக்கில் போடுவதற்குக்கூட நல்ல கயிறாகப் பார்த்துப் பொறுக்குகிறாரே என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடுத்த மாதம் தங்கச்சியும் திசையன்விளையிலிருந்து இங்கே வேலைக்கு வருவதாக இருந்தது. இனி இரண்டு பேருக்கும் ஊர்தான்.

பாண்டுரங்கன் காகிதத்தை அவள் பக்கம் தள்ளினார். முகத்தைப் பார்க்கவில்லை.

"படிச்சுட்டு கையெழுத்துப் போடு. படிக்காம போடாத."

பிளஸ் டூ இங்கிலீஷை வைத்துக்கொண்டு மெல்ல எழுத்துக்கூட்டினாள். கம்பியால் நெம்பியது முதல் வரியிலேயே இருந்தது. அதை அவர் ஒளிக்கவில்லை. கடைசியில் அவருடைய கையெழுத்து முன்பே விழுந்திருந்தது.

நடுவில் இருந்த இரண்டு வரிகளை அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி படிக்க வேண்டியிருந்தது.

'தகடு மாட்டுவதைச் சொல்ல சந்திரலேகா மூன்று முறை ட்ரை செய்தார். கேட்க நான் ஒரு முறைகூட ட்ரை செய்யவில்லை.'